எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே பானை

ஷாம் ஷுய் போ வட்டாரத்தில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் எட்டுப் பேருக்குத் தோல் அரிப்பு. மருத்துவமனை ஒன்று மூலிகைத் தூளைச் சோதித்துப் பார்க்க அவர்களைச் சேர்த்துக்கொண்டது. நாலு பேருக்கு அசல், நாலு பேருக்குப் போலி, அதாவது மருந்தே இல்லாத வெறும் தூள். யாருக்கு எது என்று சோதனையை நடத்தும் டாக்டர் யிப்புக்கே தெரியாதாம். தெரியாததை எவ்வளவு பெருமையாகச் சொன்னார் அந்த மனிதர்!

என் மகள் ஹெய்லாமுக்கு ஏழு வயது. சொறிந்து சொறிந்து உள்ளங்கை வெடித்திருந்தது. பள்ளி வரிசையில் ஜோடிப் பையன் அவள் கையைப் பிடிக்காமல் சட்டை நுனியைப் பிடித்தான். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கை ஆறினால் போதும் எனக்கு.

தாய்மார் எட்டுப் பேரும் கூடிப் பொட்டலங்களைப் பிரித்து நக்கிப் பார்த்தோம். எட்டும் ஒரே கசப்பு. போலியையும் மனச்சாட்சியோடு செய்திருந்தார்கள்.

"என் பிள்ளை மட்டும் இளிச்சவாயா?" என்றாள் மேல்வீட்டு லுக் அக்கா. "சூப்பு வச்சா எட்டு வீட்டுக்கும் ஊத்துறோம். மருந்துக்கு மட்டும் என்னடி தனிக் கிண்ணம்? எல்லாத்தையும் என் பானையில கொட்டுங்க!"

கொட்டினோம். மூன்று மாதம், பள்ளி விட்டதும் எட்டுக் கிண்ணம், கசப்புக்கு ஆளுக்கொரு உப்புப் பிளம் பழம். ஹெய்லாமின் வெடிப்பு மெல்ல மூடியது. கடைசி வாரம் அந்தப் பையன் அவள் மூன்று விரலைப் பிடித்தான்.

முடிவு சொல்லும் நாளில் டாக்டர் முகம் வாடிக் கிடந்தது. "எட்டுப் பேரும் ஒரே அளவு தேறியிருக்காங்க. அசலுக்கும் போலிக்கும் வித்தியாசமே இல்ல. அப்போ மருந்து வேலை செய்யலன்னுதானே அர்த்தம்? இதோட நிறுத்திடறோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பானைக் கதையைச் சொல்லிவிட்டேன்.

"எட்டையும் ஒண்ணாவா கொட்டினீங்க?"

"நல்லா கலக்கித்தான் ஊத்துனோம் டாக்டர்," என்றாள் லுக் அக்கா ரோஷத்துடன்.

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை பக்கத்துக் குடியிருப்பையும் சேர்த்துப் பதினாறு பிள்ளைகள், பாதிப் பேருக்குப் போலி. "திரும்பக் கலந்தீங்கன்னா இந்த மருந்து எந்தப் பிள்ளைக்குமே கிடைக்காது," என்று சொல்லி எங்களிடம் கையெழுத்து வாங்கினார். அவர் சொன்னது நியாயம். மனதாரத்தான் போட்டேன்.

லிஃப்டில் லுக் அக்கா காதோரம் குனிந்தாள். "ஹெய்லாம் அம்மா, அதே பானைதானே?"

ஹெய்லாம் என் கையைப் பிடித்திருந்தாள், ஐந்து விரலாலும்.

"அது பத்தாது அக்கா," என்றேன். "பதினாறு பிள்ளைங்க. பெருசா ஒண்ணு வாங்குங்க."