பாங்குக்கு முந்தின அரை மணித்தியாலம்

என்ட மனிசன் பஹ்மிக்கு ஒருத்தர்ர முகத்துக்கு நேரே "இல்ல" எண்டு சொல்ல வராது. கல்யாண வீட்டுல வயிறு நிறைஞ்ச பிறகும் யாராவது கரண்டியோட வந்து நிண்டா பீங்கான நீட்டுவார். நல்ல மனிசன் எண்டு காத்தான்குடி முழுக்கச் சொல்லும். அந்த நல்ல குணத்தோட குடும்பம் நடத்திப் பாருங்க, அப்ப தெரியும்.

அவருக்கு முட்டு, மூச்சு இழுக்கிற வருத்தம். நெசவு மில்லுல நூல் தூசுக்குள்ள நிண்டு நிண்டு வந்தது. ஆஸ்பத்திரி கிளினிக்குல வாயில வெச்சி மருந்து இழுக்கிற ரெண்டு பம்ப் குடுத்திருந்தாங்க. மண்ணிறப் பம்ப காலையும் மாலையும் தவறாம இழுக்கோணும், முட்டு வராம இரிக்க. நீலம், முட்டு வந்தா மட்டும். ஒழுங்காத்தான் இழுத்துக்கொண்டிருந்தார், ஹோமியோபதி டொக்டர் றமீஸக் காணும்வரைக்கும்.

கிளினிக்குல ஒரு நிமிசத்துல மருந்துத் துண்டெழுதி அனுப்பிருவாங்க. பின்னால கியூ நிக்கிது, அவங்களும் என்ன செய்யிற? றமீஸ் டொக்டர் ஒரு மணித்தியாலம் இருத்திவெச்சிக் கேட்டாராம். எந்தப் பக்கம் சரிஞ்சி படுப்பீங்க, உப்புக் கூடப் புடிக்குமா, இடி இடிச்சாப் பயமா, என்ன கனவு வரும் எண்டெல்லாம். சுனாமியில போன தங்கச்சிர கனவச் சொல்லி அழுதிட்டு வந்தார் இவர். என்னோட படுத்து எழும்புறவர், எனக்கிட்ட ஒருநாளும் சொல்லாத கனவு! எனக்குப் பத்தி எரிஞ்சிச்சி. ஆனா அண்டைக்கு அவர்ர முகத்துல இருந்த தெளிவையும் கண்டன், பொய் சொல்லப்படாது.

மருந்தெண்டா, சீனி மாதிரி இனிக்கிற சின்ன வெள்ளை உருண்டை. நாக்குக்குக் கீழ வைக்கோணும். முன்னுக்கும் பின்னுக்கும் அரை மணித்தியாலம் வாயில ஒண்டும் படக்கூடாது. அவ்வளவுதான் டொக்டர் சொன்னது. இவர் அதப் பெரிய சட்டமா எடுத்திட்டார்.

பிறகு நோன்பு வந்திச்சி.

விடியமுன்னம் சஹருக்கு எழும்பிச் சோறு தின்னோணும். தின்ன பிறகு அரை மணித்தியாலம் வாய் சும்மா இரிக்கோணும். பிறகு உருண்டை. பிறகு திரும்பியும் அரை மணித்தியாலம். அதுக்குள்ள விடியத் தொழுற சுபஹுக்குப் பாங்கு சொல்லிருவாங்க. பாங்கு சொன்னாப் பம்ப் இழுக்கேலா, நோன்பு முறிஞ்சிரும் எண்டு இவர்ர எண்ணம். பின்னேரமும் அதே கூத்து. நோன்பு துறந்து கஞ்சி குடிச்சி, காத்திருந்து உருண்டை வெச்சி, ராத்தொழுகை தறாவீஹுக்குப் பள்ளிக்கு ஓடுவார். வந்தா அடிச்சிப் போட்ட மாதிரி விழுந்து படுப்பார். மண்ணிறப் பம்புக்கு அவர்ர நாளுல இடமே இல்லாமப் போச்சி.

இதொண்டும் எனக்குத் தெரியா. அலுமாரி துடைக்கக்குள்ளதான் அது தூசி புடிச்சிக் கிடக்கிறதக் கண்டன். கண்டதும் அண்டைக்குக் காலம நடந்தது ஞாபகம் வந்திச்சி. மில்லுக்குப் போக வாசல்படி இறங்கக்குள்ளயே அவர்ர நெஞ்சு விசிலடிச்சது. கேட்டதுக்கு, "நோன்புக் களைப்பு புள்ள" எண்டிட்டுப் போனார். யா அல்லாஹ்! முக்காட்டப் போட்டுக்கொண்டு நேரே றமீஸ் டொக்டர்ர வீட்டுக்குப் போனன்.

"என்ன டொக்டர், பம்ப நிப்பாட்டச் சொன்னீங்களா?"

அவர் திகைச்சிப் போனார். "எந்தப் பம்ப்? இங்கிலீசு மருந்து ஏதும் எடுக்கிறீங்களா எண்டு கேட்டனே, ஒண்டுமில்ல எண்டாரே! சொல்லியிருந்தா அத விடவே கூடாதெண்டு சொல்லியிருப்பன், தங்கச்சி."

எனக்கு விளங்கிட்டு. றமீஸ் டொக்டருக்கிட்ட இன்னொரு டொக்டர்ர மருந்தச் சொன்னா டொக்டர்ர மனம் நோகுமாம்! அதுக்காக என்ட மனிசன் மறைச்சிருக்கார். அட, நாசமாப்போன மரியாதையே!

டொக்டர் பஹ்மிக்குப் போன் அடிச்சார். எடுக்கல்ல. திரும்பியும் அடிச்சிட்டு, "வாங்க தங்கச்சி" எண்டு காரத் திறந்தார்.

மில்லு வாசலுல குந்தியிருந்தார் பஹ்மி. சொண்டு கறுத்து, தோள் ரெண்டும் ஏறி இறங்குது. கூட வேலை செய்யிறவங்க அட்டையால விசிறிக்கொண்டு நிக்கிறாங்க. நீலப் பம்ப் அவர்ர கையிலதான் இரிக்கி, இழுக்கல்ல.

"இழுங்க மச்சான்!" எண்டன் நான்.

தலைய ஆட்டினார். "பாங்கு... இன்னும்..." நோன்பு துறக்கிற பாங்கு இன்னும் சொல்லல்லயாம்; அதச் சொல்லி முடிக்க மூச்சில்ல.

கத்தினன். கையப் புடிச்சி இழுத்தன். அழுதன். அசையல்ல. றமீஸ் டொக்டர் மண்ணுல முழங்கால் போட்டு இருந்தார். "பஹ்மி, வருத்தக்காரனுக்கு மார்க்கத்துல இடமிரிக்கி. விட்ட நோன்பப் பிறகு ஒருநாளுல புடிச்சிக் களாச் செய்யலாம். நான் சொல்றன், இழுங்க" எண்டார். உடனே இழுத்தார். டொக்டருக்கு இல்ல எண்டு சொல்லேலாதே அவருக்கு. எனக்கு மட்டும் நல்லாச் சொல்ல ஏலும்.

பம்பும் பெரிசா எடுபடல்ல. டொக்டர்ர காருலயே ஏத்திக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில சேர்த்ததும், மாஸ்க்கக் கட்டி மருந்துப் புகை புடிச்சாங்க. நிருஷா எண்டு ஒரு சின்ன வயசு டொக்டர் பிள்ளை. பக்கத்துல வந்து குனிஞ்சி கேட்டா.

"மண்ணிறப் பம்ப ஒழுங்கா இழுக்கிறீங்களா ஐயா?"

ஓமெண்டு தலைய ஆட்டினார்.

"வேற ஆருக்கிட்டயும் மருந்து எடுக்கிறீங்களா?"

இல்லையாம். றமீஸ் டொக்டர் கால்மாட்டுல நிக்கிறார், அவருக்கு முன்னாலயே இல்லையாம்! இப்ப இந்தப் பிள்ளைர மனம் நோகக்கூடாது.

"ஒழுங்கா இழுத்தும் இப்பிடி முட்டுதெண்டா அந்தப் பம்ப் இவருக்குச் சரிவரல்லப் போல. மாத்தத்தான் வேணும்" எண்டு அந்தப் பிள்ளை திரும்பினா.

"பொய்!" எண்டன்.

வாட்டுல கிடந்த சனம் முழுக்கத் திரும்பிப் பாத்திச்சி. கல்யாணம் முடிச்ச நாளையிலருந்து ஆக்களுக்கு முன்னால அவர நான் எதிர்த்துக் கதைச்சதில்ல. எல்லாத்தையும் கொட்டினன். தூசி புடிச்ச பம்ப், உருண்டை, அரை மணித்தியாலம், எல்லாம். "அந்த மருந்து நான் குடுத்ததுதான்" எண்டு றமீஸ் டொக்டரும் முன்னுக்கு வந்தார். பஹ்மி கண்ண இறுக்கி மூடிக்கொண்டார். வெக்கத்துல காது ரெண்டும் சிவந்து போச்சி.

அவர்ர காதுக்கிட்டக் குனிஞ்சன்.

"மச்சான், ஆயுசு முழுக்க என்னோட கோவிச்சிக்கொண்டு கதைக்காம இரிங்க. ஆனா ஆயுசோட இரிங்க."

அவர் கண்ணத் திறக்கல்ல. அவர் விடுற ஒவ்வொரு மூச்சுக்கும் மாஸ்க்குக்குள்ள புகை வந்து வந்து போச்சி. அது வாறதையே பாத்துக்கொண்டு நிண்டன்.