உலகத்தில் இல்லாத மணப்பெண்

யுகிஹிரோவுக்கு மணப்பெண் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவனைக் கட்டிக்கொள்ள இருந்தவளே நான்தான். அவன் இறந்து ஒரு குளிர்காலம் போயிருந்தது.

ஜப்பானில் எங்கள் யமகதா பக்கம், கல்யாணமாகாமல் இறந்த பிள்ளைக்குக் கல்யாணப் படம் வரைந்து கோயிலில் மாட்டுவார்கள். மாப்பிள்ளைக்கு இறந்தவனின் முகம். மணப்பெண்ணுக்கு மட்டும் உயிரோடு இருக்கிற யாருடைய முகமும் இருக்கக் கூடாது, பெயரும் கூடாது. மீறினால் இறந்தவன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

"அவனுக்கு என்ன பிடிக்கும்னு உனக்குத்தானே தெரியும் மிஹாரு. முகம் எப்படி இருக்கணும்னு நீயே சொல்லிடு" என்றார் அவன் அம்மா தோமிகோ. நானும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் தோட்டத்துச் செர்ரிப் பழத்தில் அடிபட்டதைத் தனியே ஒதுக்கச் சொல்கிற அதே குரலில் இதையும் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் செண்டாயில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். நடந்திருக்கக்கூடிய ஒவ்வொன்றும் எங்கோ ஓர் உலகத்தில் நடந்திருக்கிறது, அந்த உலகங்களும் நம்முடையதைப் போலவே நிஜம் என்பது என் கட்சி. 'இங்கே' என்பது அவரவர் நிற்கிற இடம். 'நிஜம்' என்பதும் அப்படித்தான் என்பேன். வகுப்பில் பாதிப் பேர் தூங்குவார்கள். வீட்டில் யுகிஹிரோவிடம் சொன்னால் அவன் தூங்க மாட்டான், சிரிப்பான்.

"அப்போ ஏதோ ஒரு உலகத்துல நீ நல்லா சமைக்கிறியா?"

"சமைக்கிறேன்."

"அங்க போக எந்த ரயில் பிடிக்கணும், சொல்லு!"

கூரையில் பனி தள்ள ஏறியவன் சறுக்கி விழுந்தான். அவ்வளவுதான். அன்று பனி ஒரு சாண் குறைவாகப் பெய்திருந்தால் அவன் ஏறியிருக்கவே மாட்டான். ஒரு சாண் குறைவாகப் பெய்த உலகம் இருக்கிறது. அங்கே அந்த வீட்டுச் சமையலறையில் எனக்கென்று ஒரு சோற்றுக் கிண்ணம் இருக்கிறது. அதற்காக நான் ஏங்குகிற ஏக்கம் சொல்லி மாளாது. அப்படி ஓர் உலகம் உண்டு என்று எத்தனை பேரோடு வேண்டுமானாலும் வாதாடி ஜெயிப்பேன். அங்கே போகத்தான் வழியில்லை.

படம் வரைகிற ஓகுமா அம்மாளிடம் தொலைபேசியில்தான் பேசினேன். அவர் என்னைப் பார்த்ததே இல்லை.

"கண்ணு எப்படிம்மா?"

"சின்னது. இடது கண் கொஞ்சம் இறங்கியிருக்கும்."

"மூக்கு?"

"சப்பை. தாடையில ஒரு மச்சம் வச்சிடுங்க."

எதிரே கண்ணாடி இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். இது நான் இல்லை, அந்த உலகத்தில் என்னைப் போலவே இருக்கிற வேறொருத்தி, ஆகவே விதியை மீறவில்லை என்று எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். படித்த படிப்பு எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள்.

படம் வந்ததும் அம்மா உறையைப் பிரித்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

"இது நீ."

"நான் இல்லம்மா. என்னை மாதிரி ஒருத்தி. அங்க இருக்கிறவ."

"அங்க, இங்கன்னு எனக்குப் பாடம் எடுக்காதே! இது உன் மூஞ்சி. அவன் வந்து கூட்டிட்டுப் போயிட்டா?"

"வரட்டுமே. மாட்டேன்னா சொல்லப்போறேன்?"

பளாரென்று ஓர் அறை விழுந்தது. அடித்த என் கன்னத்தையே உடனே உள்ளங்கையால் பொத்தினார்.

"அவனைப் பனியிலேருந்து இந்தக் கையாலதான் தூக்கினேன். இன்னொண்ணு தூக்க என்னால ஆகாதுடி."

நான் அழுதேன். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக அழுதேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து ஓகுமா அம்மாளுக்குப் போன் போட்டு, முகத்தை மாற்றி வரையச் சொன்னேன். கண் பெரிதாக. மூக்கு எடுப்பாக. மச்சம் வேண்டாம். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவன் பக்கத்திலிருந்து நான் நகர்ந்துகொண்டே வந்தேன். யாருக்கும் இல்லாத பெயராக இருக்கட்டும் என்று அம்மா 'மினாயு' என்று வைத்தார்.

செர்ரி பூக்கிற வாரத்தில் படத்தைக் கோயிலில் மாட்டினோம். பாழாய்ப்போனவள், அழகாக இருந்தாள். வெள்ளைக் கல்யாண உடையில், அவன் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. என் கட்சிப்படி பார்த்தால் இவளும் எங்கோ நிஜம்தான். இத்தனை வருஷம் தொண்டை கிழிய வாதாடியதெல்லாம் பொய்யாகப் போகட்டும், இவள் எங்குமே இல்லாமல் போகட்டும் என்று முதல் முறையாக ஆசைப்பட்டேன்.

அப்போதுதான் சுரீரென்றது. இவள் எங்கும் இல்லை என்றால், அவனும் எங்கும் இல்லை.

அம்மா ஊதுபத்தி வாங்க வாசல் பக்கம் போனார். நான் படத்துக்கு நெருக்கமாகப் போய், அவளுக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினேன்.

"தூக்கத்துல போர்வையை உதைச்சுத் தள்ளிடுவாரு" என்றேன் அவளிடம். "கொஞ்சம் முழிச்சுப் பார்த்து, போர்த்தி விடும்மா."