கலங்கலில் முப்பது வினாடி

சிட்டம்மாள் வந்தபோது வினோத்குமார் தன் ஸ்டுடியோவில் ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்கிக்கொண்டிருந்தான். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் அவள் வெளியே நின்றாள். யாரென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பதினோரு நாளைக்கு முன்னால் சாலவாக்கம் பக்கத்து ஏரியில் தண்ணீர் அடித்துக்கொண்டு போன இருசப்பனின் மனைவி. எழுந்து போய்க் கதவைத் திறந்தான்.

அன்றைக்குப் புயல்மழையில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் சுவரைத் தாண்டி ஆள் உயரத்திலிருந்து கீழே விழுந்துகொண்டிருந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்தில் அருவி என்று பார்க்க வேறு எதுவும் கிடையாது. காலை ஏழு மணிக்கே வினோத்குமார் கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, லென்ஸின் முன்னால் கறுப்புக் கண்ணாடியை மாட்டியிருந்தான். ஷட்டரை முப்பது வினாடி திறந்து வைத்தால் விழுகிற தண்ணீர் பாலாகிவிடும். அசைகிற எதுவும் படத்தில் தங்காது. அதுவரை கேமராவைத் தொடக் கூடாது, நகரவும் கூடாது. ஈரக்கரையில் ஓர் அடி எடுத்து வைத்தாலும் படம் ஆடிவிடும். வருஷம் முழுக்க மேடைச் சிரிப்புகளை எடுக்கிறவனுக்கு, தனக்காக எடுக்கிற படம் இது ஒன்றுதான்.

கலங்கலுக்குக் கீழே இடுப்பளவுத் தண்ணீரில் இருசப்பன் மீனுக்கு வலை பிடித்து நின்றிருந்தான். வினோத்குமார் ஷட்டரைத் திறந்து மனசுக்குள் எண்ண ஆரம்பித்தான். பதினெட்டில் ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தான். இருசப்பன் சாய்ந்திருந்தான், ஒரு கை மேலே இருந்தது. வலை இழுக்கிறது, எழுந்துவிடுவான் என்று நினைத்தான். அப்படி நினைத்ததாகத்தான் பிறகு தனக்கே சொல்லிக்கொண்டான். பத்தொன்பது. இருபது. ஷட்டர் மூடிய பிறகுதான் ஓடினான். அப்போது தண்ணீர் மட்டும் இருந்தது.

மூன்றாம் நாள், ஒரு மைல் தள்ளி, வேலிகாத்தான் புதரில் உடல் கிடைத்தது. போலீஸ் கேட்டபோது, "நான் பாக்கச்சொல்ல அங்க ஆளே இல்ல சார்" என்றான்.

சிட்டம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை.

"குடிச்சிட்டு எங்கியோ வுயுந்துட்டாருன்னு ஸ்டேஷன்ல எய்திக்கினாங்க தம்பி. அவரு அன்னிக்கு டீத்தண்ணிகூட குடிக்காத போனாரு. நீ அங்க படம் எட்துக்கினு இருந்தியாமே. அதுல அவரு கீறாரா?"

"இல்லக்கா. தண்ணி மட்டுந்தான்."

"காட்டு."

திரையை அவள் பக்கம் திருப்பினான். அவன் இதுவரை எடுத்ததில் இவ்வளவு நன்றாக வந்த படம் வேறில்லை. அதை யாருக்கும் அனுப்பவில்லை, அழிக்கவும் முடியவில்லை. சுவரிலிருந்து வெள்ளை ஒரே துணியாக இறங்கியிருந்தது. அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். வெள்ளைக்கு நடுவில் புகை மாதிரி ஒரு கறை. அதன்மேல் விரலை வைத்தாள்.

"இது இன்னா?"

கல் என்று சொல்லியிருக்கலாம். சொல் வாய்வரை வந்தது.

"அவருதாங்க்கா. அசையாம நின்ன வரைக்கும் படத்துல வந்துகீறாரு."

"அப்பறம்?"

"கையத் தூக்கினாரு."

விரலை எடுக்காமலே அவனைப் பார்த்தாள். "நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"எண்ணிக்கினு இருந்தேன்."

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பதினோரு நாளாக எதிர்பார்த்திருந்தான். அவள் முந்தானையால் திரையில் தன் விரல் பட்ட இடத்தைத் துடைத்தாள்.

"இத ஸ்டேஷன்ல வந்து சொல்றியா?"

அவன் தலையாட்டினான். அது அவளுக்குப் போதுமா என்று தெரியவில்லை.

"இத பெருசாப் போட்டுக் குடு. வூட்ல அவரு படம்னு ஒண்ணும் கெடையாது."

பிரிண்டர் காகிதத்தை உள்ளே இழுத்தது. முதலில் மேகம் வந்தது, பிறகு கலங்கல் சுவர், பிறகு வெள்ளை. வெள்ளை விரற்கடை விரற்கடையாக நீண்டுகொண்டே வந்தது. காகிதம் தரையில் விழுந்துவிடாதபடி, சிட்டம்மாள் இரண்டு கைகளையும் அதற்கு அடியில் ஏந்திக்கொண்டு நின்றாள்.