கொர்னேலியஸின் நாற்பத்தெட்டுக் கட்டங்கள்

கொர்னேலியஸ் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. கிள்ளானில் தம் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் இருபத்திரண்டு வருடமாக ஞாயிறு அறிவிப்பு வாசிப்பவர். அவர் மைக்கைத் தொட்டுத் தட்டினாலே கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிடும் என்று ஒரு பேர் உண்டு. அதனால்தான் தங்கை உர்சுலா, "அண்ணே, ஸ்டெஃபனியோட ஆப்புக்கு உங்க குரலக் குடுங்க" என்று கேட்டதும், நாள் குறித்து, இஞ்சித் தண்ணீர் குடித்து, மேசை முன் உட்கார்ந்தார்.

உர்சுலாவின் மகள் ஸ்டெஃபனிக்குப் பதினான்கு வயது. பேச்சு வராது. தலையும் கையும் தம் இஷ்டத்துக்கு ஆடும். தலையாட்டலை வைத்து ஆமாவா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. வலது கையின் ஒரு விரல்முட்டி மட்டும் அவள் அனுப்பிய இடத்துக்குப் போகும். அந்த ஒரு முட்டியை நம்பித்தான் பிரிக்பீல்ட்ஸ் தெரபி நிலையத்துக் குமுதா, சக்கர நாற்காலியில் டேப்லெட் ஒன்றைப் பொருத்தியிருந்தாள். திரையில் நாற்பத்தெட்டுக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு படம். தொட்டால் குரல் வரும். குரலை மட்டும் வீட்டார் பதிய வேண்டும்.

குமுதா கொடுத்த பட்டியலில் மூன்று சொற்களைக் கொர்னேலியஸ் அடிக்கோல் வைத்து நேராக அடித்தார்: வேண்டாம், போதும், பிடிக்கல.

"அங்கிள், அந்த மூணுதான் ரொம்ப முக்கியம்" என்றாள் குமுதா.

"எங்க குடும்பத்துல பெரியவங்க முகத்துக்கு நேரா வேண்டாம்னு யாரும் சொன்னதில்ல லா. ஆப் வந்துதான் அதப் பழக்கணுமா?"

ஆனால் மூன்று கட்டம் வெறுமையாகக் கிடப்பதையும் அவரால் பொறுக்க முடியவில்லை. படங்களை அப்படியே விட்டுவிட்டு, தம் ஞாயிறு அறிவிப்புகளில் நன்றாக அமைந்த மூன்றைப் பதிந்தார். 'சரி' கட்டம் மொட்டையாக இருப்பதாகத் தோன்றியதால் அதோடும் ஒரு வாக்கியம் சேர்த்தார். பிறகு யாரும் கை வைக்காதபடி கடவுச்சொல் போட்டுப் பூட்டினார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் உர்சுலா பாகற்காய் வைத்தாள். ஸ்டெஃபனியின் முட்டி, 'வேண்டாம்' என்பதற்கான, குறுக்குக் கோடு போட்ட கைப் படத்தைத் தேடிப் போய்த் தொட்டது.

"வழியை மறித்து நிறுத்தப்பட்டிருக்கும் வாகனத்தை அதன் உரிமையாளர் உடனடியாக அகற்றவும்."

மூன்று முறை கேட்ட பிறகு உர்சுலா தட்டை அகற்றினாள்.

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் இரண்டாம் முறை சோறு போட வந்தபோதும் அதே கட்டம்தான். சோற்றுக் கையோடு நான்கு பேர் வெளியே ஓடினார்கள். ஒருவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "எந்த வண்டி, boss?" என்று கொர்னேலியஸிடம் கேட்டார். அவர் வாயில் அப்போது அப்பளம் இருந்தது.

இதெல்லாம் சிரித்துக் கடந்துவிடக்கூடியவை. ரவாங் விஷயம் அப்படியில்லை.

உர்சுலாவுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை. இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்காமலே மகளை ரயிலில் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்து வருவாள். இதைப் பார்த்துக் கொர்னேலியஸ் ரவாங்கில் ஒரு விடுதிப் பள்ளியைத் தேடிப் பிடித்தார். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்கல். விண்ணப்பப் பாரங்களை மூன்று பிரதி நிரப்பினார். ரவாங் என்ற பேரைக் கேட்டதும் ஸ்டெஃபனி வாகனத்தைப் பதினோரு முறை அகற்றச் சொன்னாள். டேப்லெட்டில் கோளாறு என்று கொர்னேலியஸ் குறித்துக்கொண்டார்.

ஒன்றுதான் பாக்கி. மாணவி தன் கருவியின் வழியே தானே சம்மதம் சொல்ல வேண்டும். அது மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், ஏற வேண்டும். கேள்வி கேட்க விடுதியிலிருந்து பரமேஸ்வரன் என்ற அதிகாரி தெரபி நிலையத்துக்கு வந்தார்.

"ஸ்டெஃபனி, ரவாங்ல தங்கிப் படிக்கச் சம்மதமா மா?"

"...வாகனத்தை அதன் உரிமையாளர் உடனடியாக அகற்றவும்."

பரமேஸ்வரன் எழுந்து ஓடினார். காரை உண்மையிலேயே இரட்டை வரிசையில்தான் நிறுத்தியிருந்தார். திரும்பி வந்து வியர்வையைத் துடைத்து, மறுபடி கேட்டார். இம்முறை முட்டி 'போதும்' என்பதற்கான உள்ளங்கைப் படத்துக்குப் போனது.

"இன்றைய கூட்டம் ரத்து செய்யப்படுகிறது. சிரமத்திற்கு வருந்துகிறோம்."

பரமேஸ்வரன் கோப்பை மூடினார்.

"சார், படத்தப் பாருங்க. அவ வேண்டாம், போதும்ங்கறா" என்றாள் குமுதா.

"படத்த மினிட்ஸ்ல எழுத முடியாது மிஸ்."

"கூட்டத்த நான் ரத்து பண்ணல!" என்று கத்தினார் கொர்னேலியஸ்.

"கேள்விக்கு வர்றது பதில், அங்கிள்" என்றார் பரமேஸ்வரன். "யாரக் கேட்டமோ அவங்களோடது. இது பதில் இல்ல, அறிவிப்பு. உங்க குரல்ல வந்துச்சு, உங்க பேர்லதான் எழுதணும்."

இரண்டாம் கூட்டமும் அப்படியே ரத்தானது. மூன்றாம் கூட்டத்தில் கைத்தொலைபேசிகளை அணைத்து வைக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. பரமேஸ்வரன் பணிவாக அணைத்தார். கேள்வித்தாளே அவர் தொலைபேசிக்குள்தான் இருந்தது; அந்தக் கூட்டமும் போயிற்று.

"இப்படியே போனா அவ கல்யாண வயசு வரைக்கும் கூட்டம் போடலாம்" என்றாள் குமுதா. "அந்த ஒரு சொல்லப் பதிஞ்சு குடுங்க அங்கிள். சரின்னு சொல்றவளா இருந்தா, வேண்டாம் பக்கத்துல இருந்தாலும் சரின்னுதானே சொல்லுவா?"

அதில் நியாயம் இருப்பதாகக் கொர்னேலியஸுக்குப் பட்டது. பூட்டைத் திறந்தார். முதல் முறை குரல் கெஞ்சலாக வந்தது; இரண்டாம் முறை இருமல். மூன்றாம் முறை கோயில் கடைசி வரிசைக்கே கேட்கும்படி சுத்தமாக விழுந்தது.

நான்காம் கூட்டத்தில் பரமேஸ்வரன் கேள்வியை முடிக்கக்கூட இல்லை.

"வேண்டாம்."

அறை அதிர்ந்தது. ஸ்டெஃபனி இன்னொரு முறை தொட்டாள். பிறகு இன்னொரு முறை. உர்சுலா முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"மாணவிக்குச் சம்மதமில்லை" என்று எழுதிவிட்டுப் பரமேஸ்வரன் நிமிர்ந்தார். "ரவாங் முடிஞ்சது. ஆனா அம்மாவும் இப்படித் தூங்காம அலைய முடியாது. செவ்வாய், வியாழன் ரயில்ல யாரு கூட்டிட்டு வர்றது? அங்கிள், உங்களால முடியுமா?"

கொர்னேலியஸ் தொண்டையைச் செருமினார். முழங்கால் வலி, கோயிலில் செவ்வாய் நவநாள் செபம், ரயில் நெரிசல் என்று மூன்று காரணங்களை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு வாயைத் திறந்தார். ஸ்டெஃபனியின் முட்டி முந்திக்கொண்டது.

"சரி. மிக்க மகிழ்ச்சி அடைகிறோம்."

பரமேஸ்வரன் பேனாவை ஓட்டினார். "மாமா சம்மதம்."

"நான் சொல்லல லா!"

"கேள்வி உங்களத்தான் கேட்டேன். உங்க குரல்லதான் பதில் வந்துச்சு."

"வேண்டாம்!" என்றார் கொர்னேலியஸ்.

"அது பிள்ளையோட பதில், அங்கிள். மேலயே எழுதியாச்சு" என்று பரமேஸ்வரன் கோப்பை மூடினார்.