சகலையைவிட இரண்டு மடங்கு

கம்பெனியில் மொத்தமே எட்டுப் பேர். ஆனாலும் அவரைச் சேர்மன் என்றுதான் கூப்பிட வேண்டும். ஜன்னல் திரை, கதவுத் திரை, அதற்கான கம்பி, வளையம் எல்லாவற்றையும் இணையத்தில் விற்கும் கடை. ஓகோ என்று இல்லாவிட்டாலும் வியாபாரம் ஓடிக்கொண்டிருந்தது. கடையைத் தாங்கியது நாலு கோர், அதாவது கணக்குப் போடும் நாலு மூளை, உள்ள ஒரு வாடகை சர்வர். உள்ளூர் டேட்டா சென்டர் ஒன்றில், தான் உண்டு தன் வேலை உண்டு என்று கிடந்தது. அப்படி ஒன்று இருப்பதே சேர்மனுக்கு நினைவில் இல்லை.

நினைவுபடுத்தியவன் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவன், வயதில் இளையவன், கார் வாங்கினாலும் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாலும் ஒரு படி முன்னால் போய் நிற்பவன். அவனும் இணையத்தில்தான் கடை வைத்திருந்தான். கட்டில், மேசை, நாற்காலி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டே சாவகாசமாகக் கேட்டான்.

"அண்ணே, உங்க சர்வர் எத்தனை கோர்?"

"தேவையான அளவுக்கு இருக்கு தம்பி."

"நாங்க முப்பத்திரண்டுக்கு மாறிட்டோம். நூத்தி இருபத்தெட்டு ஜிபி மெமரி. மெஷின் கடல் தாண்டி இருக்கு."

"கடல் தாண்டியா?" என்று மாமனார் வாயைப் பிளந்தார். சர்வர் என்றால் ஓட்டலில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பவர் என்றுதான் அவர் வெகுகாலம் நினைத்திருந்தார். கோர் என்பது என்னவென்று அவருக்குத் தெரியாது. சொன்னவனுக்கும் அரைகுறைதான். ஆனால் பிளந்த வாய் பிளந்த வாய்தானே. அது சேர்மனுக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் காலையில் அவர் சர்வர் மேடத்தைக் கூப்பிட்டார். கம்பெனியின் கம்ப்யூட்டர் சங்கதிகளையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு ஆபீஸ் வைத்திருந்த பெயர் அது.

"அறுபத்துநாலு கோர் வேணும். மெமரி ஐநூறுக்குக் குறையக் கூடாது."

"எதுக்கு சார்? இருக்கிற நாலுலயே பாதி சும்மாதான் கிடக்கு."

"வளர வேண்டாமா? அப்புறம், மெஷின் கடல் தாண்டி இருக்கணும்."

"நம்ம கஸ்டமர் எல்லாம் இங்கதானே சார் இருக்காங்க. பக்கத்துத் தெருவுல இருந்து ஒருத்தர் திரைச்சீலைப் படத்தைத் தொட்டாலும், அது கடல் தாண்டிப் போய்க் கேட்டுட்டுத் திரும்பி வரணும். நம்ம வெப் பக்கத்துல படம் வேற எக்கச்சக்கம். ஒவ்வொண்ணுக்கும் இதே கதைதான்."

"இருபத்தஞ்சு கிகாபிட் நெட்வொர்க்னு விக்கிறவன் போட்டிருக்கானே?"

"ரோடு அகலம்தான் சார். அதுக்காக ஊர் கிட்ட வந்துடுமா?"

சேர்மனுக்குப் பிடிக்காத பேச்சு இது. அபசகுனமாகப் பேசாதே என்பதுபோல் கையைக் காட்டி அனுப்பிவிட்டார். அந்த வாரமே கடை கடல் தாண்டியது. ஆபீஸ் சுவரில் பெரிய டிவி ஒன்று வந்தது. சர்வர் எவ்வளவு உழைக்கிறது என்பதை அதில் ஒரு பச்சைக் கோடு காட்டும். விற்பவன் கொடுத்த விவரத்தை சேர்மன் மனப்பாடமே செய்துவிட்டார். கண்ணாடி முன்னால் நின்று டை கட்டும்போதுகூட உதடு அசைந்தது.

தள்ளுபடி விற்பனை தொடங்கிய காலையில் சகலையை ஆபீசுக்கு வரவழைத்தார். கூடவே மாமனாரும் வந்தார். இருவரையும் டிவிக்கு எதிரே சோபாவில் உட்காரவைத்துவிட்டு, சேர்மன் ஒப்பிக்க ஆரம்பித்தார். அறுபத்துநாலு என்றதும் சகலையின் முகம் லேசாகச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தைப் பார்க்கத்தானே இத்தனை பாடும். ஆனால் சேர்மன் அதை ரசித்து முடிப்பதற்குள் மாமனார் டிவியைக் காட்டினார்.

"இந்தப் பச்சைக் கோடு என்ன மாப்பிள்ளை, தரையோட தரையா கிடக்குது?"

"அது எவ்வளவு வேலை நடக்குதுன்னு காட்டுது மாமா."

"அப்போ வேலையே இல்லையா?"

சகலை காலை நீட்டிச் சாய்ந்துகொண்டான். "ஒரு பர்சென்ட்தான் ஓடுது. கடையில ஈ ஓட்டுறீங்களா அண்ணே?"

சேர்மனுக்குக் காது மடல் சுட்டது. அறைக்கு வெளியே போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பக்கம் திறக்கவில்லை, வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் புலம்ப, போன் எடுக்கும் பெண் மன்னிப்புக் கேட்டே ஓய்ந்துபோனாள். அதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. மேடத்தின் மேசைக்குப் போய்க் குனிந்தார்.

"அந்தக் கோட்டைக் கொஞ்சம் தூக்கும்மா."

"கூட்டம் வந்தாத்தான் சார் ஏறும். வர்றவங்க தூரம் தாங்காம பாதியிலயே போயிடுறாங்க."

"கூட்டத்தை விடு. சும்மா ஏதாவது வேலை கொடு அதுக்கு."

"சும்மா கணக்குப் போடச் சொல்லலாம். அறுபத்துநாலும் அதுலயே மாட்டிக்கும். அப்புறம் வர்ற ஒண்ணு ரெண்டு ஆர்டரும் நின்னுடும்."

"நிக்கட்டும். சகலை போற வரைக்கும்தானே."

அவள் இரண்டாவது தடவை தடுத்துப் பார்க்கவில்லை. என்னவோ தட்டினாள். எதற்கும் உதவாத ஒரு கணக்கை அறுபத்துநாலு கோரும் விழுந்து விழுந்து போட ஆரம்பித்தன. பச்சைக் கோடு சிவப்பாகி, கூரையை முட்டி நின்றது. மாமனார் எழுந்து நின்றுவிட்டார். "அடேயப்பா, என்ன கூட்டம் மாப்பிள்ளை" என்று தோளில் தட்டினார். சகலை கால்களை மடக்கிக்கொண்டு காபியைக் குடித்தான். வெளியே போன்கூட அடங்கிவிட்டது. பக்கம் அடியோடு படுத்துவிட்டதால் வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அந்த அமைதியையும் சேர்மன் தன் வெற்றிக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலம் மனைவி போனில் கூப்பிட்டாள். "தங்கச்சி காலையில இருந்து உங்க கடையில திரை வாங்கப் பாக்குறாளாம். திறக்கவே இல்லையாம். வேற எங்கயோ வாங்கிட்டா."

"அவ்வளவு கூட்டம்" என்றார் சேர்மன் பெருமையாக.

"அப்படியா? எத்தனை வித்துச்சு?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

சில நாள் கழித்து சகலையே போன் செய்தான். குரலில் பழைய தோரணை இல்லை. "அண்ணே, நானும் தொண்ணூத்தாறு கோர் எடுத்துட்டேன். நாளைக்கு மாமா இங்க வர்றார். இங்கயும் டிவியில கோடு படுத்தே கிடக்கு. அன்னைக்கு நீங்க மேடத்துக்கிட்ட போயிட்டு வந்ததும் கோடு ஏறினதைப் பார்த்தேன். உங்க மேடத்தை ஒரு மணி நேரம் அனுப்பி வைக்க முடியுமா?"

சேர்மனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. பெருந்தன்மையாக அனுப்பிவைத்தார். திரும்பி வந்த மேடம் நேரே அவர் அறைக்கு வந்தாள்.

"சார், கடையைப் பழையபடி உள்ளூருக்குக் கொண்டுவந்துடலாமா? அந்தச் சின்ன மெஷினே போதும். ஆர்டர் பாதிக்குக் கீழ போயிடுச்சு."

சேர்மன் பேனாவை உருட்டினார். அவள் சொல்வது புரியாமல் இல்லை. இருந்தாலும் தொண்ணூற்றாறு என்ற எண் நெஞ்சில் முள்ளாக நின்றது.

"கொண்டுவரலாம்" என்றார். "முதல்ல அவன் கொண்டுவரட்டும்."