சொந்த ஊர் எது?

கைதாகி வருகிறவர்களிடம் கேட்க எங்கள் நிலையத்தில் எட்டுக் கேள்விகள்தான் இருந்தன. பெயர், தகப்பன் பெயர், வயது, தொழில், முகவரி, உடம்பில் அடையாளம், என்ன குற்றம், முன்பு வந்ததுண்டா. எட்டையும் கேட்டுக் கணினியில் ஏற்ற எனக்கு ஆறு நிமிடம் போதும். நான்கு மாதத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஒன்பதாவதாக ஒரு கட்டம் வந்தது. பிடிபடுகிறவர்களில் எத்தனை பேர் இந்த நாட்டுக்காரர்கள், எத்தனை பேர் அனுமதியோடு வந்தவர்கள், எத்தனை பேர் காகிதமே இல்லாமல் உள்ளே இருப்பவர்கள் என்று மாதாமாதம் பட்டியல் அனுப்ப வேண்டுமாம். திருட்டைப் பிடிப்பதைவிடத் திருடன் எங்கிருந்து வந்தான் என்று தெரிந்துகொள்வதில்தான் பெரிய இடத்துக்கு ஆசை. ஆசை அவர்களுக்கு, தொண்டைத் தண்ணீர் வற்றுவது எனக்கு.

கட்டத்தின் தலைப்பு 'பிறந்த இடம்'. படிவம் அலுவலகப் பாஷையில் இருக்கும்; எங்கள் ஆட்களில் பலருக்கு அது படிக்க வராது. அதை எங்கள் பாஷையில் வாய்ப்பேச்சாகக் கேட்பது பதிவு எழுதுகிற என் பொறுப்பு. முதல் வாரம் நேராகத்தான் கேட்டேன்: "நீங்க எங்க பொறந்தீங்க?" ஒருவன் ஆஸ்பத்திரியில் என்றான். குடித்துவிட்டு நடுரோட்டில் படுத்திருந்த பெயிண்டர் ஒருவர், "எங்கம்மா வயித்துலதான், நீங்க?" என்றார். காவலர்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். மறுநாளிலிருந்து கேள்வியை மாற்றினேன். "உங்க சொந்த ஊரு எது?" அதில் அதட்டலும் இல்லை, நக்கலுக்கு இடமும் இல்லை. விலங்கு மாட்டிய கையோடு நடுங்கிக்கொண்டு வருகிறவர்கூட அந்தக் கேள்விக்கு முகம் தெளிந்து பதில் சொன்னார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சொன்ன ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் கணினி அனுமதி எண் கேட்கும். எண் இல்லையென்றால் பெயர் தானாகவே சிவப்பாகிவிடும்: 'ஆவணம் இல்லை'. சிவப்பானவர்களை, வழக்கே இல்லையென்று ஆனாலும் வெளியே விடுவதில்லை. நகரத்துக்கு வெளியே ஒரு பழைய கிடங்கைச் சுண்ணாம்பு அடித்து, சரிபார்ப்பு இல்லம் என்று பெயர் வைத்துத் திறந்திருந்தார்கள். அங்கே வைத்திருந்து, இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை பேருந்தில் ஏற்றிக்கொண்டுபோய் எல்லையில் இறக்கிவிடுவார்கள். நான் இங்கேதான் பிறந்தேன் என்று அங்கே கத்தாதவர் கிடையாது. எல்லாரும் கத்துவதால் யார் கத்துவதும் யார் காதிலும் விழவில்லை.

லிப்ட் மெக்கானிக் வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. அடுக்குமாடி ஒன்றில் லிப்ட் பாதியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்ட குடியிருப்புச் செயலாளர் வெளியே வந்ததும் வராததுமாக இவரைச் செருப்பால் அடிப்பேன் என்றிருக்கிறார். இவர் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வீச, அது எகிறி வாசல் கண்ணாடியை உடைத்துவிட்டது. நாற்பது வயது இருக்கும். கையெல்லாம் கிரீஸ். நாற்காலியில் ஒட்டிவிடும் என்று உட்கார மறுத்து, நின்றபடியே எட்டுக்கும் பதில் சொன்னார்.

"சொந்த ஊரு எது?"

அவர் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டு, "ஆத்தோரம்மா. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று வேறு சேர்த்துக்கொண்டார், என்னவோ நேற்றுத்தான் குளித்துவிட்டு வந்தவர் போல. ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம்.

"பெர்மிட் நம்பர் இருக்கா?"

"பெர்மிட்டா? எனக்கு எதுக்கும்மா? லிப்ட் லைசென்ஸ்தான் இருக்கு."

இல்லை என்று அடித்தேன். ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. செயலாளர் மறுநாளே புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்குள் மெக்கானிக்கைக் கிடங்குக்கு அனுப்பியாகிவிட்டது. நான் அதைத் தெரிந்துகொள்ளவுமில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கவுமில்லை.

அடுத்த புதன்கிழமை மதியம் அவர் மனைவி வந்தார். தையல் கடையில் காஜா எடுக்கிறவர். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. ஆறு நாளாக ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, கடைசியில் யாரோ என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து கணவரின் பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற நகராட்சி ஆஸ்பத்திரி. தேதி, எடை, தாய் பெயர், முத்திரை, எல்லாம் கச்சிதமாக இருந்தன.

"இங்க பொறந்தவருன்னா எதுக்கு அந்த ஊரச் சொன்னாரு?" என்று நான் சத்தம் போட்டேன். "வாய்க்கு வந்ததச் சொல்லிட வேண்டியது, அப்புறம் எங்க உசிர வாங்க வேண்டியது."

அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. "நீங்க என்னம்மா கேட்டீங்க?"

"சொந்த ஊரு எதுன்னு கேட்டேன்."

"அப்ப அதத்தானே சொல்லணும்? அது அவங்க தாத்தா ஊரு. மாமனார் கைக்கொழந்தையா இருக்கும்போதே இங்க வந்துட்டாங்களாம். இவரு அந்த ஊரக் கண்ணால பாத்ததுகூட இல்ல." கொஞ்சம் நிறுத்தி, நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "என்னையக் கேட்டாலும் எங்கப்பா ஊரத்தான் சொல்வேன். நீங்க சொல்ல மாட்டீங்களா?"

சொல்வேன். வேறென்ன சொல்வேன்? எங்கள் ஆட்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டால் யாரும் தான் பிறந்த இடத்தைச் சொல்வதில்லை. அப்பனும் பாட்டனும் விட்டுவந்த இடத்தைச் சொல்வார்கள். போனதே இல்லாத ஊரின் ஆற்றையும் தண்ணீரையும் சேர்த்துச் சொல்வார்கள். பால் குடித்த நாளிலிருந்து இந்தப் பாஷை பேசுகிற எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டபோது மட்டும் தெரியாமல் போயிற்று.

அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுப் பட்டியலைத் திறந்தேன். நான்கு மாதத்தில் என் கையால் சிவப்பானவர்கள் அறுபத்து மூன்று பேர். நிஜமாகவே எல்லை தாண்டி வந்தவர்களும் அதில் இருப்பார்கள். யார் வந்தவர், யார் பிறந்தவர் என்று இனி எப்படிச் சொல்வது? என்னிடம் இருந்தவை வெறும் ஊர்ப்பெயர்கள். முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே பேருந்தில் ஏறிப் போயிருந்தார்கள்.

எங்கள் பிரிவு அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் கூட்டல். மூன்று வகையும் சேர்ந்து மொத்தத்தோடு ஒத்துப்போனால்தான் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"போன மாசம் பேப்பர் பாத்தியா? நம்ம மாவட்டத்துல வெளியாளுங்க பண்ற குற்றம் ரெண்டு மடங்காயிடுச்சுன்னு மந்திரி பேசினாரு. அது எங்கருந்து போன நம்பர்? உன் விரல்லருந்து போனது."

"அந்த நம்பர்தான் சார் தப்புன்னு சொல்றேன்."

"ஒன்னு தப்புன்னு எழுதினா, மிச்சத்தையும் கொண்டாம்பான். கெணறு வெட்டப் பூதம் கெளம்பின கதையாயிடும். உன் கான்ட்ராக்ட் இந்த மாசக் கடைசியோட முடியுதுல்ல?"

முடிகிறதுதான். அவர் மேசை இழுப்பறையிலிருந்து திருத்தப் படிவத்தை எடுத்துப் போட்டார். அதில் திருத்தத்துக்கு இரண்டே காரணங்கள் அச்சடித்திருந்தன: 'பதிவாளர் பிழை', 'கைதானவர் தவறான தகவல் அளித்தார்'. முதலாவதைக் குறித்தால் தலைமையகத்திலிருந்து ஆள் வந்து நான்கு மாதத்தையும் தோண்டுவார்கள். இரண்டாவதைக் குறித்து ஆளிடம் கையெழுத்து வாங்கினால் அன்றைக்கே விட்டுவிடலாம்.

"பொய்த் தகவல் குடுத்தான்னு சின்னதா ஒரு கேஸ் பேர்ல இருக்கும். அதனால தலையா போயிடும்?"

"அவர் பொய் சொல்லல சார்."

"அப்ப நீ தப்பாக் கேட்டேன்னு குறி. நான் வேணாம்னா சொன்னேன்?" என்று பேனாவை நீட்டினார்.

பேனா என் முன்னால் நீண்டபடியே இருந்தது. நான் வாங்கவில்லை. படிவத்தை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன். பெஞ்சில் இருந்தவரிடம், "நாளைக்கு வந்துடுவாரு" என்றேன். அவர் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

வீட்டில் என் கணவர் எட்டு மாதமாகக் கட்டிலோடு கிடந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓட்டி முதுகுத்தண்டு தேய்ந்துபோனவர். மகள் நர்சிங் கடைசி வருஷம். சாயங்காலம் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன்.

"அவரு வெளிய வந்தாச் சரிதானே? உனக்கு வேற என்ன வேணும்?" என்றார்.

"மிச்சப் பேரு?"

"அறுபது பேருக்கும் நீதான் கூடப் பொறந்தவளா? வேணும்னா பண்ணின? இல்லல்ல, விடு." இதைச் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் தட்டிலும் போட்டது போட்டபடி இருந்தது.

வியாழக்கிழமை காலை கிடங்குக்குப் போனேன். சுண்ணாம்பு வாடையை மீறி வேர்வை வாடை அடித்தது. வாசலை ஒட்டி ஓர் அறை, அதில் கால் ஆடுகிற இரும்பு மேசை. மெக்கானிக் ஏழு நாள் தாடியோடு வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்களே வந்துட்டீங்களாம்மா?"

தாளை நீட்டினேன். அலுவலகப் பாஷையில் இருந்த அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன எழுதியிருக்கு?"

'கைதானவராகிய நான் என் பிறப்பிடம் குறித்து வேண்டுமென்றே தவறான தகவல் அளித்தேன்.' இதுதான் எழுதியிருந்தது. "ஊரு கொஞ்சம் மாறிப்போச்சுன்னு எழுதியிருக்கு," என்றேன்.

"நான் மாத்திச் சொல்லலயேம்மா. நீங்க கேட்டதுக்குத்தானே சொன்னேன்."

"ஆமா. இது சும்மா சம்பிரதாயத்துக்கு. போட்டாத்தான் வெளிய விடுவாங்க."

"நீங்க சொன்னாச் சரிதான். நம்ம ஆளு நீங்க." மேசை ஆடாமல் இடது கையால் பிடித்துக்கொண்டு, தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு, புள்ளி வைத்து, தன் பெயரை முழுசாக எழுதினார். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. முந்தின நாள் நீட்டிய பேனாவை வாங்கியிருந்தால் இந்தக் கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும். தாளை வாங்கி உறையில் போட்டேன்.

நிலையத்துக்குத் திரும்பிவந்து நானே திருத்தினேன். ஒன்பதாவது கட்டத்தில் சிவப்பு போயிற்று. புதிய வழக்குக்குப் புதிய பதிவு. அதில் எட்டாவது கேள்வி, முன்பு வந்ததுண்டா. உண்டு என்று அடித்தேன். வாழ்நாளில் ஒரே ஒரு கண்ணாடியை உடைத்த மனுஷன் பதிவேட்டில் இரண்டு வழக்குக்காரர் ஆனார். கூட்டல் எட்டிப் பார்த்து, மொத்தம் ஒத்துப்போகிறதா என்று மட்டும் கேட்டார்.

மதியம் மூன்று மணிக்கு அவரை விட்டார்கள். நான் போயிருக்க வேண்டியதில்லை. உத்தரவை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு நல்லதையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. அவர் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நம்ம பாஷை தெரிஞ்ச ஒருத்தங்க உள்ள இருந்தது எங்க நல்ல நேரம்மா. நீங்க நல்லா இருக்கணும். உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்."

மெக்கானிக் பின்னால் திரும்பிக் கிடங்கைப் பார்த்தார். "அம்மா, உள்ள இன்னும் பதினோரு பேரு இருக்காங்க. நம்ம ஆளுங்கதான். பேசிப் பாத்தேன், எல்லாம் இங்கயே பொறந்தவங்க. ஒரு வெல்டர், ஒரு பேக்கரிக்காரர், வீட்டு வேலை செய்ற ஒரு அக்கா. எல்லாரும் உங்களப் பத்தித்தான் சொல்றாங்க."

"என்ன சொல்றாங்க?"

"நல்லபடியாத்தாம்மா. பிடிச்சுட்டு வந்ததுலருந்து எல்லாரும் நாய வெரட்டுற மாதிரி வெரட்டினாங்க, அந்த அம்மா ஒருத்தங்கதான் மரியாதையா சொந்த ஊரு எதுன்னு கேட்டாங்கன்னு." அவர் சிரித்தார். "நாளைக்குக் காலைல பஸ்ஸாம். அதுக்குள்ள அவங்களுக்கும் இந்த மாதிரி ஒரு தாள் கொண்டாந்துடுவீங்கல்ல?"

ஒரு திருத்தத்தை ஒப்புக்கொண்ட கூட்டல் பதினொன்றை ஒப்புக்கொள்ள மாட்டார். பதினொன்றுக்கு வழி ஒன்றுதான், அது என் பிழை என்று நான் எழுதுவது. நாளைக் காலை வரை நேரம் இருந்தது. பேனாவும் என் பையில் இருந்தது.

"பாக்கலாம்," என்றேன்.

எங்கள் பாஷை தெரியாதவராக இருந்தால் பார்ப்பேன் என்று நம்பிக்கொண்டு போயிருப்பார். அவருக்குத் தெரியும். பிடிக்காத சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்கும்போதும், வேலை கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பும்போதும் நாங்கள் சொல்கிற சொல் அது. சிரிப்பு அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பிடித்திருந்த மனைவியின் கையை மெல்ல விடுவித்து, தன் கையில் எடுத்துக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.