உயர்ந்துபோன நாற்காலி

தச்சர் பிசைந்த சோற்றையே மறுபடி மறுபடி பிசைந்துகொண்டிருந்தார். சுவரோரம் போட்டிருந்த நாற்காலியில் அவர் மனைவி உட்காருவதும் எழுவதுமாக இருந்தாள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், ஜம்மென்று எழுந்தாள். எழுந்ததும் அவரைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

"பாத்தீங்களா? போன மாசம் இதே நாற்காலியில சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு என்ன பாடு பட்டேன்!"

"பாத்தேன், பாத்தேன். போதும், உட்காரு" என்றார்.

அவளுக்கு மூட்டுவாதம் வந்து வருடங்களாகிவிட்டன. முழங்கால்கள் சில நாள் சொன்ன பேச்சைக் கேட்கும், சில நாள் கேட்காது. குழந்தைகள் காப்பகத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. ஒருநாள் குழந்தையோடு எழும்போது கால் மடங்கித் தடுமாறினாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் பொறுப்பாளர் அம்மா அன்றைக்கே அவளைத் தொலைபேசி மேசைக்கு மாற்றிவிட்டார். அதிலிருந்து வீட்டில் அவள் பேச்சு பாதியாகக் குறைந்துபோனது.

பிசியோதெரபிஸ்ட் பெண் சொன்னது சின்ன விஷயம்தான். "மூட்டுக்குத் துணையே தொடைச் சதைதான். அது பலமானா மூட்டு மேல பாரம் குறையும். தினமும் ஒரே நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருங்க. கொஞ்சம் வலிக்கும். மறுநாளும் வலி அடங்கலைன்னா, வீங்கினா, குறைச்சுக்கோங்க. மத்தபடி பயப்படாதீங்க."

அவள் பயப்படவில்லை. பயந்தவர் தச்சர்தான். ஒவ்வொரு முறை எழும்போதும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு "அம்மா" என்பாள். பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. அது நேராக அவர் காதில் வந்து விழும். ரம்பம் பிடித்தால் இம்மி பிசகாத கை அந்த ஒரு சொல்லுக்கு ஆடிப்போகும். மனுஷன் எத்தனை நாள்தான் காதைப் பொத்திக்கொள்வார்? ஒருநாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு கால்களுக்கும் அடியில் விரல் தடிமனுக்குக் கட்டை ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, அதே நிறத்தைப் பூசிவிட்டார்.

உயரமான நாற்காலியிலிருந்து எழுவது சுலபம். அன்று மாலை அவள் ஒரேயொரு முறைதான் "அம்மா" என்றாள். தச்சருக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த வாரம் இன்னொரு கட்டை, அதற்கடுத்த வாரம் மூன்றாவது. அவள் கண்ணெல்லாம் முழங்கால் மேல்தான். நாற்காலிக் காலை யார் பார்த்தார்கள்? ஒட்டுத் தெரியாத தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டதும் உண்டு. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் மனிதர்கள் பண்ணும் கோணல்களுக்கு அளவே கிடையாது.

"நாளைக்குப் பொறுப்பாளர் அம்மா தொட்டில் அறைக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றாள் அவள், நின்றபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பால் குடுக்கற ஸ்டூல்ல உட்கார்ந்து, குழந்தையைக் கையில வச்சுக்கிட்டு எழுந்திருக்கணுமாம். எழுந்துட்டா பழைய வேலையே குடுத்துடறாங்களாம்."

தச்சர் கையிலிருந்த கவளம் தட்டிலேயே விழுந்தது. அந்த ஸ்டூல் அவர் செய்து கொடுத்ததுதான். இந்த நாற்காலி முதலில் இருந்த உயரத்தைவிட அது இன்னும் தாழ்வு. இரண்டு கைகளும் குழந்தையைப் பிடித்திருக்கும். பாதியில் முழங்கால் விட்டுவிட்டால் அவள் எதைப் பிடிப்பாள்? காலையில் முதல் ஆளாகப் போய் அந்த ஸ்டூலையும் உயர்த்திவிட்டால் என்ன என்றுகூட ஒரு யோசனை ஓடியது. புத்தி போன போக்கைப் பாருங்கள்!

"நாளைக்கு வேண்டாமே" என்றார்.

"ஏன்?"

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். இப்ப என்ன அவசரம்?"

அவள் சிரிப்பு அடங்கியது. "நீங்களும் என்னை நம்பலையா?"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கையைக்கூடக் கழுவாமல் எழுந்துபோய் நாற்காலியைக் கவிழ்த்தார். ஒட்டிய இடத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "நான்தான் கட்டை வச்சேன். நீ வலியில கத்தறதை என்னால கேட்க முடியலை."

அவள் குனிந்து ஒவ்வொரு காலாகத் தடவிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"குழந்தையோட விழுந்திருப்பேன்" என்றாள் கடைசியில். "அதை யோசிச்சீங்களா?"

அவர் நகம் இன்னும் அந்த ஒட்டையே சுரண்டிக்கொண்டிருந்தது.

"எடுங்க. எல்லாத்தையும்."

ரம்பத்தைக் கொண்டுவந்து அறுத்தார். இம்மி பிசகாத கை அன்றைக்கு இரண்டு இடத்தில் பிசகியது. அவள் உட்கார்ந்தாள், கைகளைக் கட்டிக்கொண்டாள், எழப் பார்த்தாள். பாதி வரை வந்தவள் தொப்பென்று மறுபடி நாற்காலியிலேயே விழுந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

அவள் கைபேசியை எடுத்துப் பொறுப்பாளர் அம்மாவை அழைத்தாள். "மேடம், நாளைக்கு வேண்டாம். நான் இன்னும் தயாராகலை. இன்னும் எத்தனை நாளாகும்னு தெரியலை." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

தச்சர் மெல்லப் பட்டறைப் பக்கம் நகர்ந்தார்.

"எங்க போறீங்க? இங்கேயே நில்லுங்க."

நின்றார். அவள் ஒரு கையைத் தொடையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து, பல்லைக் கடித்தாள்.

"அம்மா!"

தாங்கிப் பிடிக்கப் போனவரை ஒரே பார்வையில் நிறுத்திவிட்டு, நடுங்கிக்கொண்டே எழுந்தாள். மூச்சு வாங்கியது. பிறகு அவரைப் பார்த்தபடியே மறுபடி உட்கார்ந்தாள்.

"இன்னொரு தரம்" என்றாள். "காதைப் பொத்தாம கேளுங்க."